கூட்டாளியின் மங்கு

திகாம் பத்து சின்ன ஊர். சுங்கை பட்டாணியிலிருந்து தெற்கே பட்டர்வொர்த் போகும் பழைய சாலையில், மூடா ஆற்றுக்கு முன்னால் வரும். ஆற்றுக்கு இக்கரை கெடா, அக்கரை பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை. நான் பிறந்த தோட்டம் இந்த ஊரை ஒட்டித்தான் இருந்தது. ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டி இப்போது வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். லயம் எங்கே இருந்தது, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று கேட்டால் பழையவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலிருந்துதான் வழி சொல்லத் தொடங்குவார்கள்: "கள்ளுக்கடை மேடு தெரியுமில்ல, அதுக்கு இந்தப் பக்கம்."

கோயிலை விட்டுவிட்டுக் கள்ளுக்கடையை அடையாளம் சொல்கிறார்களே என்று இளவயதில் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. தோட்டத்து மக்களின் வாழ்க்கையில் எத்தனையோ நல்லதும் கெட்டதும் அந்த மேட்டைச் சுற்றி நடந்திருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இரவில் வெளியே போகும் பிள்ளைகளின் குவளையில் யாரோ எதையோ கலந்துவிடுகிறார்கள் என்ற பேச்சு வந்தால், ஏதோ நகரத்தில் புதிதாக முளைத்த தீமை என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கள்ளுக்கடை காலத்திலேயே கலப்பவன் இருந்தான். அவனிடமிருந்து கூட்டாளியைக் காத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பையும் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

1909-ல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. அதையொட்டித் தென்கெடாவில் கூலிம், சுங்கை பட்டாணி, பெடோங் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆட்களுக்கு லயம், கோயில், பள்ளிக்கூடக் கொட்டகை என்று ஒவ்வொன்றாக வந்தபோது கள்ளுக்கடையும் வந்தது. தோட்ட நிர்வாகமே உரிமம் எடுத்து நடத்திய கடைகள் உண்டு. டவுனில் அரசாங்கக் கடைகளும் உண்டு. லாபம் தொழிலாளர் நலனுக்கே திரும்பிப் போகிறது என்று நிர்வாகம் சொன்னது. கூலி ஒரு நாளைக்கு அரை வெள்ளியை ஒட்டி ஏறி இறங்கிய காலம் அது. கொடுத்த கூலியில் ஒரு பகுதியைக் கள்ளாக ஊற்றித் திரும்ப வாங்கி, அதில் ஒரு துளியை நலநிதி என்று பெயரிட்டுத் தந்தார்கள். கள்ளை நிறுத்தினால் ஆட்கள் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள் என்பது துரைமார் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். அந்தக் காரணம் முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அது பின்னால் வரும்.

எங்கள் தோட்டத்துக் கடை பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்டது. கம்பிவலை அடித்த ஒரு ஜன்னல், அதற்குள் கள்ளு ஊற்றுகிறவர். பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் போவார்கள். மரமேறி விடியலில் இறக்கிய தென்னங்கள்ளு தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கி வரும். காலையில் இறக்கும்போது அது இனிப்பு. வெயில் ஏற ஏற நொதித்து, பின்மத்தியானத்தில் ஏறக்குறைய பீர் அளவுக்கு வந்து நிற்கும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். கள்ளில் ஏமாற்று நுழைகிற வாசல் இந்தப் புளிப்புதான். நேற்று விற்காத கள்ளை இன்றையதோடு ஊற்றி, புளிப்பு தெரியாமல் இருக்கச் சீனியோ சாக்கரினோ போட்டு, அளவு குறையாமல் இருக்கத் தண்ணீர் விட்டால், குடிக்கிறவனுக்குக் காசு போய், வயிறும் போகும். என் அப்பா கள்ளில் தேனீ செத்து மிதந்தால்தான் நம்புவார். இனிப்பு இறங்கிய பானையில்தான் தேனீ விழும், நேற்றையதில் விழாது என்பது அவர் கணக்கு. துணியில் வடிகட்டிக் குடிப்பார்.

அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வைத்திருந்த வழக்கத்தைச் சின்னப் பெண்ணாக நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையிலிருந்து அவரைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னைத்தான் அனுப்புவார். ஆளுக்கொரு மங்கு வீட்டிலிருந்து கொண்டு போவார்கள். பீங்கான் பூசிய தகர மங்கு, விளிம்பில் நீலக் கோடு, அடியில் ஆணியால் கீறிய சொந்த அடையாளம். கடை மங்கில் யாரும் குடிப்பதில்லை. சுவரோரம் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் எழுந்து போனால் தம் மங்கைப் பக்கத்தில் இருப்பவர் மடியருகே தள்ளிவிட்டுப் போவார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தம் கையால் மூடிக்கொள்வார். பேச்சு நிற்காது, கை மட்டும் போய் மங்கின் வாயில் படியும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கடை அடைக்கும்போது நாலு பேர் வந்திருந்தால் நாலு பேரும் லயத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டு வந்தவன் மறுநாள் பெரட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.

சம்பள நாளன்று இந்தக் காவல் இன்னும் இறுகும். சம்பள நாளில் வெளியாட்கள் வருவார்கள், சூதாட்டம் நடக்கும், வேட்டி மடிப்பில் ஒரு மாதக் காசு இருக்கும். யாரோ முன்பின் தெரியாதவன் வாங்கிக் கொடுத்ததைக் குடித்தவன் வாய்க்கால் ஓரம் விடிந்து எழுந்து மடிப்பைத் தடவிப் பார்த்த கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தன. "ஊமத்தை கொடுத்துட்டான்" என்று சொல்வார்கள். வெறும் கதை என்று நினைத்திருந்தேன். நர்சிங் படிக்கும்போதுதான் ஊமத்தை விதை என்ன செய்யும் என்று தெரிந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். கண்மணி விரிந்துவிடும். தோல் சூடாகிச் சிவக்கும். பேச்சு குழறி, இல்லாத பொருளைக் காற்றில் பொறுக்கிக்கொண்டிருப்பான். தெளிந்த பிறகு நடந்தது பாதி நினைவிருக்காது. திருடனுக்கு இதைவிட வசதியான மருந்து வேண்டாம்.

கிளந்தானில் மருத்துவராக இருந்த கிம்லெட் என்ற ஆங்கிலேயர், மலாய் நாட்டு நஞ்சுகளைப் பற்றி 1915-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்று சொல்லும் இதே ஊமத்தையைச் சாப்பாட்டிலும் பானத்திலும் கலந்து மயக்கிக் கொள்ளையடிக்கும் வழக்கத்தை அதில் விவரித்திருக்கிறார். இந்தியாவிலும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க, சாலையிலும் சத்திரத்திலும் வழித்துணையாக வந்து ஊமத்தை கொடுத்துக் கொள்ளையடித்தவர்கள் இருந்தார்கள். 1860-ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, 328. குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவருக்கு நஞ்சையோ மயக்கும் பொருளையோ கொடுத்தால் பத்து வருஷம் வரை சிறை. அந்தச் சட்டத்தைத் தழுவித்தான் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் எழுதினார்கள். இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணில், 328 என்றே அது நிற்கிறது. பினாங்கில் ஒரு மதுக்கூடத்தில் பெண்ணின் குவளையில் மாத்திரை போட்டவன் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் போலீஸ் எடுக்கக்கூடிய சட்டம், சத்திரத்துத் திருடர் காலத்தில் எழுதியதுதான். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். கலப்பது விளையாட்டு அல்ல, சண்டையில் கைநீட்டுவது போன்ற சில்லறைக் குற்றமும் அல்ல. பத்து வருஷம்.

இனி, கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற தொண்டர் படைக்கு வருகிறேன். என் தாத்தா அதில் இருந்தவர். கெடாத் தோட்டங்களின் வரலாற்றில் இதைவிடப் பெருமையான பக்கமும் இல்லை, இதைவிட என்னைச் சங்கடப்படுத்திய பக்கமும் இல்லை.

கள்ளுக்கடைக்கு எதிரான குரல் போருக்கு முன்பே எழுந்துவிட்டது. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. ராணுவத்தை இறக்கிச் சுட்டு அதை அடக்கினார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாம் மரண ரயில் பாதை வேலை எத்தனையோ லயங்களைக் காலி செய்தது. நேதாஜியின் படையில் சேர்ந்து பயிற்சி எடுத்த இளைஞர்கள் போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது அவர்கள் நடை வேறாக இருந்தது. துரையைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்குவதற்கு அவர்கள் தயாராக இல்லை. பெடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கம்பைத் தோளில் சாத்தி அணிவகுப்புப் பயிற்சி, கூட்டம், லயத்தைச் சுத்தம் செய்வது, சண்டையைத் தீர்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளுக்கடை மறியல். பெண்களும் முன்னால் நின்றார்கள். எங்கள் பாட்டி நின்றார். "புள்ளையை இடுப்புல வெச்சிக்கிட்டே நின்னேன்" என்று சொல்வார். அந்தப் பிள்ளைதான் என் அப்பா.

1947 பிப்ரவரி 28-ல் பெடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தோடு போலீஸ் மோதியது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் பிறகு இறந்தார். அடுத்த சில நாளில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீஸ் புகுந்து ஆண், பெண் பார்க்காமல் அடித்தது. 60-க்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஏப்ரல் கடைசியில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். கள்ளு வேண்டாம் என்று சொன்னதற்கு இத்தனை அடி ஏன் என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "கள்ளு வேணாம்னு மட்டுமா சொன்னோம்? குடிக்காம தெளிஞ்ச கண்ணோட கணக்குக் கேட்டோமில்ல" என்றார். தொண்டர் படையைப் பற்றிப் பின்னால் எத்தனையோ பேர் எழுதியதைப் படித்தேன். பாட்டி சொன்னதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்ததும் தொழிற்சங்கங்களை ஒடுக்கினார்கள். தொண்டர் படையின் காலமும் முடிந்தது. கள்ளுக்கடைகள் தொடர்ந்தன.

சங்கடப்படுத்திய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மறியலை மீறிக் குடித்துவிட்டு வந்தவனைத் தொண்டர் படையினர் தண்டித்தார்கள். பிடித்துக் கட்டிவைத்து, ஊர் பார்க்க அவமானப்படுத்தினார்கள். தாத்தா அதைப் பெருமையாகவே சொல்வார். பாட்டி அந்த இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அவருடைய தம்பியையும் கட்டிவைத்திருந்தார்கள் என்பதை அத்தைதான் எனக்குப் பிறகு சொன்னார். கடையை எதிர்த்து நின்றது பெரிய காரியம். துரையையும் உரிமத்தையும் வருமானத்தையும் எதிர்த்து, கையில் கம்பு மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் குடித்தவனைக் கட்டிவைத்த அன்று தோட்டத்தில் வேறு ஒன்றும் தொடங்கியது. அதன் பிறகு சிலர் ஒளிந்து குடிக்கத் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் மங்கை ஒருவன் மூடி, நாலு பேராகத் திரும்பிய வழக்கம் இருந்ததே, அது குடிப்பது தெரிந்த இடத்தில்தான் உயிரோடு இருந்தது. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த வட்டமும் கலைந்தது. வீட்டுக் கொல்லையிலும், செம்பனை நிரையிலும், ஆற்றோரத்திலும் ஒருவன் தனியாகக் குடிக்கும் காலம் வந்தது. சம்சுவின் காலம் அதுதான்.

தோட்டத்துக்கு வெளியே மளிகைக் கடையில் சின்னப் பாட்டிலில் சம்சு கிடைத்தது. பாட்டிலின் படத்தைப் பார்த்தால் மருந்து என்றே தோன்றும். மூட்டுவலிக்கு நல்லது, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு என்றெல்லாம் போட்டிருக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தப் பாட்டில்களைச் சேகரித்துக் காட்டிப் பல வருஷம் போராடியது. எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் அவர்கள் செய்த அந்த வேலை தோட்டத்துப் பெண்களுக்குச் செய்த நேரடித் தொண்டு. 2017 டிசம்பரில்தான் மது வாங்கும் வயதை 18-லிருந்து 21-ஆக உயர்த்தி, மலிவுச் சாராயத்தைச் சின்னப் பாட்டிலில் விற்பதற்கும் தடை வந்தது. சட்டபூர்வச் சம்சுவுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. பெயரில்லாத பட்டைச்சரக்கு, பிளாஸ்டிக் பையில் கட்டி வரும். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலைநேர வேலையில் இருந்தேன். தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டு வந்தார்கள். முந்தாநாள் இரவு குடித்தவர். மறுநாள் முழுக்க நன்றாகத்தான் இருந்தாராம், பால் வெட்டக்கூடப் போனாராம். சாயங்காலம் வாந்தி, வயிற்றுவலி, தலை பிளக்கிறது என்று படுத்தார். மனைவி எங்களிடம் "வயித்து வலிங்க மிஸி, பழைய மீன் சாப்பிட்டாரு" என்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நான் அவர் கையைப் பிடித்து ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து வெயில் அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் கேட்டார்: "மிஸி, ஏன் லைட்ட அணைச்சிட்டீங்க?"

அந்தக் கேள்விதான் டாக்டருக்கு உண்மையைச் சொன்னது. மனைவியைத் தனியே கூப்பிட்டு, நான் தோட்டத்துப் பெண் பேசுகிற மாதிரி பேசி, "அக்கா, குடிச்சாரா இல்லையான்னு யாரும் திட்டப் போறதில்ல, எங்க வாங்கினாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் அழுதார். கோயில் கமிட்டியில் இருக்கிறாராம் கணவர், வெளியே தெரிந்தால் அசிங்கமாம். அந்த அசிங்கத்துக்குப் பயந்து ஓர் இரவு முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார். பார்வை திரும்பவில்லை.

அது மெத்தனால். நாம் குடிக்கும் மது எத்தனால். இரண்டுக்கும் மணமும் சுவையும் பிரித்தறிய முடியாத அளவு நெருக்கம். தொழிற்சாலையில் வர்ணம் கரைக்கும் மெத்தனால் மலிவு என்பதால் வியாபாரி கலக்கிறான். ஈரல் அதை உடைக்கும்போது முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம் ஆகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஃபார்மிக் அமிலம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால் உறைய ஸ்டோரில் ஊற்றுவோமே, அதே ஆசிட். கையில் பட்டால் கொப்பளிக்கும் அதை உடம்பு தனக்குள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது. கண்ணின் நரம்பு முதலில் போகிறது. தூய மெத்தனால் 10 மில்லிலிட்டர் பார்வையைப் பறிக்கப் போதும், 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கலாம். குடித்த பிறகு 12 முதல் 24 மணிநேரம் வரை ஒன்றும் தெரியாமல் போகக்கூடும் என்பதுதான் இதன் பெரிய வஞ்சகம். போதை தெளிந்தவன் பிழைத்தேன் என்று நினைத்து வேலைக்குப் போகிறான். மருந்து உண்டு. ஃபோமெபிசோல் அல்லது அளந்து கொடுக்கும் எத்தனால், கூடவே ரத்தச் சுத்திகரிப்பு. சீக்கிரம் வந்தால்தான்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் சுற்றி இதே மெத்தனால் 40-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. பெயரும் முத்திரையும் போட்ட பாட்டில்களில் வந்த கள்ளச்சரக்கு. செத்தவர்களில் பலர் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம், இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள். சட்டப்படி இங்கே இருக்க அனுமதிச் சீட்டு இல்லாதவன் ஆஸ்பத்திரிக்கு எப்படி உடனே வருவான்? எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்தான் இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேலானவர்கள் பாக்கெட் சாராயத்தில் செத்தார்கள். அங்கேயும் முதலில் வயிற்றுவலி என்றுதான் சொன்னார்கள் என்று செய்தியில் கேட்டபோது நான் அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். அதே வருஷம் நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் மெத்தனாலுக்குப் பலியானார்கள், அதில் இளம்பெண்கள் உண்டு. தெலுங்கானாவில் கள்ளிலேயே அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையைக் கலக்கும் வியாபாரம் வேரூன்றிவிட்டது. 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் அந்தக் கள்ளைக் குடித்தவர்களில் சிலர் இறந்தார்கள். கள்ளு பலவீனமாகிவிட்டால் மாத்திரை போட்டுப் போதையை ஏற்றுகிறார்கள். தண்ணீரும் சாக்கரினும் போட்ட கையே இன்று மாத்திரை போடுகிறது.

ஆதாயத்துக்குக் கலப்பவன் ஒருவன். ஆளைக் கவிழ்க்கக் கலப்பவன் இன்னொருவன். இரண்டாமவன் 1903-ல் சிகாகோவில் மிக்கி ஃபின் என்ற மதுக்கடைக்காரனாக இருந்தான். மயக்க மருந்து கலந்து வாடிக்கையாளரை மயக்கி, பையைக் காலிசெய்தான் என்று அந்த வருஷம் கடையை மூடினார்கள். 1990-களில் அவன் கையில் ரோஹிப்னால் இருந்தது. பெண்களை நாசம் செய்ய அந்த மாத்திரையைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்தபின், தயாரித்த ரோஷ் நிறுவனமே அது பானத்தில் மெதுவாகக் கரைந்து நீலநிறம் காட்டும்படி மாற்றியது. இன்று ஜிஎச்பி, கெட்டமின். ஆனாலும் பல நாடுகளில் புகார் கொடுத்தவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தபோது பெரும்பாலும் கண்டது மதுவைத்தான். குடித்தவள் கேட்டது ஒரு அளவு, ஊற்றியது இரண்டு மூன்று அளவு. மாத்திரை வேண்டியதில்லை, பழச்சாற்றில் இரட்டிப்பாக ஊற்றினாலே போதும். இதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

என் தங்கை மகள் பினாங்கில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு தோழிகளோடு லெபோ சூலியா பக்கம் போவாள். அவள் போவதை என் தங்கை விரும்பவில்லை. குடும்பத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அவளிடம் ஒன்று கேட்டேன்: "எப்படிப் போறீங்க, எப்படி வர்றீங்க?" அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு அப்பாவின் கள்ளுக்கடைச் சுவரோரம் கண்முன் வந்தது. ஐந்து பேர் போவார்களாம். ஒருத்தி அன்று குடிக்க மாட்டாள், வண்டியும் அவளுடையது. ஒவ்வொரு வாரமும் ஆள் மாறும். கழிப்பறைக்குப் போகிறவள் குவளையைப் பக்கத்தில் இருப்பவள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். கைமாறாமல் மேசையில் கிடந்த குவளையைத் திரும்பத் தொடுவதில்லை, பாதி இருந்தாலும் கீழே ஊற்றிவிடுவார்கள். யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் கவுண்டருக்குத் தானும் போய், ஊற்றுவதைப் பார்த்து, தன் கையால் வாங்குவார்கள். "காசு போனா போகுது பெரியம்மா" என்றாள். மங்கை யாரும் இவளுக்குக் காட்டியதில்லை. தானாக வந்திருக்கிறது.

நான் அவளுக்குச் சேர்த்துச் சொன்னவை மிஸி புத்தியிலிருந்து. தோழி குடித்த அளவுக்குப் பொருந்தாமல் தள்ளாடினால், நாக்கு குழறினால், "தூக்கமா வருது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவளைத் தனியாக விடாதே. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதும் சில சமயம் ஆபத்து. படுத்தபடியே வாந்தி மூச்சில் சிக்கிச் செத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்கவை, மூச்சைப் பார், எழுப்பினால் எழவில்லை என்றால் 999. "நான் பார்த்துக்கிறேன், வீட்டுல விட்டுடறேன்" என்று அன்று அறிமுகமான ஆண் எவன் சொன்னாலும் அவனிடம் விடாதே, அவன் எவ்வளவு கனிவாகப் பேசினாலும். மறுநாள் கண் மங்கலாக, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அது தூக்கக் குறையல்ல, உடனே ஆஸ்பத்திரி.

சந்தேகம் வந்தால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். ஜிஎச்பி சிறுநீரில் ஏறக்குறைய 12 மணிநேரம்தான் தங்கும், ரத்தத்தில் அதைவிடக் குறைவு. காலையில் குளித்து, தூங்கி, யோசித்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கலங்கி, மறுநாள் மத்தியானம் வருகிறார்கள். அப்போது சாட்சி போய்விட்டிருக்கும். முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துவைக்கலாம். போட்டிருந்த துணியைத் துவைக்கக் கூடாது. பாலியல் வன்முறை என்ற பயம் இருந்தால், அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் ஒரே இட நெருக்கடி மையம் உண்டு. 1990-களில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தொடங்கி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது. தனி அறையில் வைத்துப் பரிசோதனை, ஆலோசனை, போலீஸ் புகார் எல்லாவற்றையும் அங்கேயே செய்வார்கள். பெண் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைய வேண்டியதில்லை.

சிறுநீர்ப் பாட்டில் விஷயத்தை நான் சொன்னபோது தங்கை குறுக்கே வந்தாள். "போகவே வேணாம்னு சொல்றத விட்டுட்டு, போனா இப்படிச் செய்னு சொல்லிக் கொடுக்கிறியே அக்கா" என்றாள். அவள் கோபம் தாயின் கோபம், எனக்குப் புரிகிறது. நான் அவளிடம் அம்மாவழி மாமா ஒருவரைப் பற்றிச் சொன்னேன். அவர் பட்டைச்சரக்கு குடித்து இரவு முழுக்க வலியில் கிடந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி சைக்கிள் தூரத்தில் இருந்தது. விற்றவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமா குடிகாரர் என்பதால் அந்தச் சாவே அவர் தப்பு என்றாகிவிட்டது. விற்றவன் அடுத்த மாதமும் விற்றான்.

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "அந்த அஞ்சு பேரு நம்பரையும் எனக்கு அனுப்பு" என்றாள். இப்போது வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் ஐந்து பேரும் வீடு சேர்ந்ததும் ஆளுக்கொரு வாட்ஸ்அப் தங்கைக்குப் போடுகிறார்கள். நாலு வந்து ஐந்தாவது வரவில்லை என்றால் தங்கை அந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.